ஒன்பது பிடிக் கணை

ஜகார்த்தாவுக்குக் கிழக்கே கிளாத்தென் பக்கத்து வயல்களில் உழவு இயந்திரத்தின் ஆட்சி செல்லாத இடம் நான்கே நான்கு. வயலின் நான்கு மூலைகள். இயந்திரம் நீளவாக்கில் ஓடும், குறுக்கே திரும்பும், சேற்றை வாரி ஓட்டுகிறவன் முகத்திலேயே இறைக்கும். மூலைக்கு வந்தால் மட்டும், சண்டை போட்ட சம்பந்தியைச் சந்தையில் கண்டவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

அப்படி விட்டுப்போன மூலைகளைக் கொத்திப் புரட்டி, வரப்போரத்தைச் சேறு பூசி மெழுகி, வயலை வயலாக முடித்துத் தருவதற்கு மண்வெட்டி பிடித்த ஒரு மனிதன் வேண்டும். தன் வயலில் அந்த மனிதன் லெகிமின். ஒருகாலத்தில் முழு வயலும் அவர் மண்வெட்டிக்குக் கீழேதான் இருந்தது. பிறகு இயந்திரம் வந்தது. பேரரசர்கள் மாகாணங்களை இழப்பதுபோல அவர் நடுவயலை இழந்தார். ஆனால் கடைசிக் கோட்டையை எந்தப் பேரரசரும் மனம் உவந்து விட்டதில்லை. லெகிமினிடம் நான்கு கோட்டைகள் மிச்சமிருந்தன. வயது எழுபதைத் தொட்டதா தாண்டியதா என்பதில் அவருக்கும் அவருடைய அடையாள அட்டைக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

க்ளிவோனில் முடியும் ஐந்து நாள் சந்தை வாரத்தில் 'லெகி' என்ற நாளில் பிறந்ததால் லெகிமின். லெகி என்றால் இனிப்பு. "இனிப்பைப் பேரோட நிறுத்திக்கிட்டாங்க, ஆளுக்குள்ள போடலை" என்பது அவர் மனைவி சுதினா நெடுநாள் ஆராய்ந்து கண்ட முடிவு.

இந்த ஆண்டு இயந்திரம் வந்துபோன மறுநாள் காலை, லெகிமின் கிழக்கு மூலையில் இறங்கினார். கைலியை மடித்துக் கட்டினார். கிராம்பு சிகரெட்டைக் காதில் செருகினார். மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கி முதல் கொத்துப் போட்டார்.

படக்.

கையில் மண்வெட்டிக் காம்பில் பாதி, பாதிக் கணை. சேற்றுக்குள் மீதிக் கணையும் இரும்பும். ஒரு தவளை குதித்து வந்து முறிந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

தவளை பார்த்தால் பரவாயில்லை. மகள் வஹ்யூனியைக் கட்டிய மருமகன் ஹர்யாதியும் பார்த்துவிட்டான். அவன் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். எது எப்போது தேயும், எதை எப்போது மாற்ற வேண்டும் என்ற சிந்தனையிலேயே வாழ்கிறவன். மாமனாரையும் அவன் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிச் சில காலம் ஆகியிருந்தது.

மருமகன் மாமனாரிடம் பேசுவதற்கு அந்த ஊரில் ஒரு தனி மொழியே உண்டு. குனிந்து, மெதுவாக, உயர்ந்த சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேச வேண்டும். அந்த மொழியில் 'இங்கிஹ்' என்றால் 'ஆகட்டும், உத்தரவு'. 'அதெல்லாம் நடக்காது' என்பதற்கும் அதே 'இங்கிஹ்'தான். சற்று இழுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

"தப்பா எடுத்துக்காதீங்க, பாக்," என்றான் ஹர்யாதி, வரப்பில் நின்றபடியே முதுகை வளைத்து. பாக் என்றால் அப்பா. "க்ளிவோன் சந்தையன்னைக்கு நாத்து நடுற பொம்பளைங்க வந்துடுவாங்க. மூலைக்கு வேணும்னா நான் ஒரு ஆளச் சொல்லிடறேன். நீங்க வீட்ல இருந்து பாத்துக்கங்க."

"எதைப் பாத்துக்கறது?"

"வீட்டை, பாக்."

"வீடு எங்கயும் ஓடிப்போவாது. கணைதான் முறிஞ்சிருக்கு, நான் முறியல. க்ளிவோனுக்குள்ள புதுக் கணை போட்டு நாலு மூலையும் முடிச்சுக் காட்டறேன். முடியலைன்னா உன் ஆளைக் கூட்டிட்டு வா."

"இங்கி...ஹ்," என்றான் ஹர்யாதி. நன்றாகவே இழுத்தான்.

மூலைக்குக் கூலியாள் ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு அவன் ஏறமாட்டான் என்பது லெகிமினுக்குத் தெரியும். மூலையை இழந்த கிழவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதும் தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு புறாவும் கூண்டும் வாங்கித் தருவார்கள். அதை வீட்டு வாசலில் உயரத் தொங்கவிட்டு, காலை முதல் மாலைவரை அதன் எதிரே உட்கார்ந்து நாக்கைத் தட்டிக் கூவ வைக்க முயல வேண்டும். ஊரில் அப்படி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மரியாதைக்குரிய, சுத்தமான, நகத்தில் மண்ணில்லாத மனிதர்கள். அவர்களைக் கண்டால் லெகிமின் வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

இரும்பைக் கழற்றிவிட்டு, முறிந்த இரண்டு துண்டுகளையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தார். ஒரு பெரிய மனிதர் போய்விட்டால் சிறிது நேரம் அமைதி காப்பது முறை. ஆனால் அடுப்பில் தேங்காய்ப்பால் குழம்பு கொதிக்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கால் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் சுதினா அந்தக் கணையை அடுப்பில் செருகிவிட்டாள்.

"பாவி! அது உங்கப்பன் குடுத்ததுடீ!"

"அதான் நல்லா எரியுது, பாக்னே," என்றாள் அவள். பாக்னே என்றால் பிள்ளையோட அப்பா; அந்த ஊர் மனைவிமார் கணவன் பெயரைச் சொல்லாமல் இப்படித்தான் கூப்பிடுவார்கள். "கொய்யாக்கட்டை. புகையே இல்ல பாருங்க."

உண்மைதான். சுதினாவின் அப்பா கொடுத்த கணைதான் அது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை லெகிமின் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடம் இரண்டு முறை.

இளவயதில் அவர் ஊரிலேயே நெட்டையான ஆள். வாய்க்கால் வெட்டக் கூலிக்கு வந்தவருக்குச் சுதினாவின் அப்பா தன் வீட்டு மண்வெட்டியைக் கொடுத்தார். அதன் கணை ஏழு பிடி. கணையைக் கை முஷ்டியால் அடுக்கி அளப்பது அங்கே வழக்கம். ஏழு பிடி என்பது சாதாரண மனிதர்களுக்கான சாதாரண அளவு. லெகிமின் அதைப் பிடித்துக் கொத்தியபோது இறால்போல மடங்கிப்போனார். வாய்க்காலை ஒட்டியிருந்த சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அப்பா, அந்த ஆளு மண்ணை வெட்டறாரா, இல்ல மண்ணைக் கும்புடறாரா?"

லெகிமின் நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்தில் சமையலறைக் கூரையின் கழி மண்டையில் இடித்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். இடித்த இடம் வீங்கியது. காதல் வந்தது எந்த இடத்தில் என்று கேட்டால், இன்றைக்கும் அவர் தலையின் வலப்பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்.

வாய்க்கால் முடிவதற்குள் பெண்ணின் அப்பா வீட்டுக் கொய்யா மரத்தில் நேரான கிளையாகப் பார்த்து வெட்டி, ஒன்பது பிடி அளந்து, செதுக்கி, ஒன்றும் சொல்லாமல் நீட்டினார். அந்த ஊரில் ஒரு தகப்பன் ஒருவனுக்கு அவனுடைய அளவில் கணை செதுக்கிக் கொடுத்துவிட்டால், பிறகு பேச்சுவார்த்தைக்கு எதுவும் மிச்சமில்லை. நாள் பார்ப்பதுதான் பாக்கி. சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பிடிக் கணை வேறு எவரிடமும் இல்லை. வயல்வெளியில் லெகிமின் மண்வெட்டியை ஓங்கினால் தூரத்திலிருந்தே தெரியும். தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால் கொடிக்கம்பத்தோடு ஊர்வலம் போவதுபோல இருக்கும்.

நடுவில் சில வருடங்கள் அவர் ஜகார்த்தாவில் சாலை ஓரங்களில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார். ரயிலில் ஒன்பது பிடிக் கணையை ஏற்றவிடவில்லை. இரும்பை மட்டும் கழற்றிக் கைலியில் சுற்றி எடுத்துப்போனார். கணை கிராமத்தில் சுதினாவோடு இருந்தது. இரவில் அவள் அதைத்தான் கதவுக்கு முட்டுக்கொடுப்பாள். பகலில் கோழி விரட்டுவாள். ஜகார்த்தாவில் இரும்புக்கு ஏதோ ஒரு கட்டையைச் செருகி வேலை நடந்தது. வேலை நடந்ததே தவிர, கை ஒட்டவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்ததும், மனைவி முகத்தைப் பார்த்த கையோடு இரும்பைக் கணையில் மாட்டுவார். முதலில் நடந்தது பார்த்ததா, மாட்டியதா என்பதில் சுதினாவின் சாட்சியம் வேறு மாதிரி.

அப்படிப்பட்ட கணைதான் தேங்காய்ப்பால் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு விடைபெற்றது.

மறுநாள் காலை லெகிமின் தச்சன் போனிஜோவின் பட்டறைக்குப் போனார். போனிஜோ அவரைவிடச் சில வயது இளையவன். கதவு, கட்டில், கணை, புறாக்கூண்டு எல்லாம் செய்வான். வாயால் செய்கிற வேலை இதற்கெல்லாம் மேலே. அவன் பட்டறையில் காலையில் சொன்னது மதியம் காபிக்கடைக்கு வந்துவிடும், மாலையில் மசூதிக் கிணற்றடிக்குப் போய்விடும்.

"வாங்க காங்!" என்றான். காங் என்றால் அண்ணன். "கூண்டு பாக்க வந்தீங்களா? உங்களுக்குன்னே ஒண்ணு பாதி முடிச்சு வச்சிருக்கேன்."

"உன் நாக்குல கரையான் அரிக்க. கணை வேணும். கொய்யா மரத்துல."

"அதுக்கென்ன, கொல்லைல இருக்கே. நேத்தே முறிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். நில்லுங்க, நெஞ்சுக்குழிக்கு அளவு எடுத்துக்கறேன்." அவன் வழக்கம் அது, ஒரு கழியை ஆளுக்கு எதிரே நிறுத்தி, நெஞ்சுக்குழி வரும் இடத்தில் நகத்தால் கீறுவான்.

லெகிமின் பின்வாங்கினார். "பொணத்துக்குக் கஃபன் துணி எடுக்குற மாதிரி அளவெல்லாம் எடுக்காத. என் அளவு எனக்குத் தெரியும். ஒம்பது பிடி."

போனிஜோ அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தான். இரண்டாவது பயணம் சீக்கிரம் முடிந்தது.

"ஒம்பதா? காங், இது மூலை கொத்தவா, இல்ல தேங்கா பறிக்கவா?"

"ஒம்பதுன்னா ஒம்பது."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் ஏழுதான்..."

"அவங்க எல்லாம் ஏழு. நான் ஒம்பது."

கணை தயாரானது. போனிஜோவின் வேலையில் குறை சொல்ல முடியாது. வழவழப்பாக, ஆட்டுக்குட்டிக் கழுத்துபோல இருந்தது. இரும்பின் காதில் செருகி, சைக்கிள் டியூப் பட்டை சுற்றி, ஆப்பு அடித்து இறுக்கினான். லெகிமின் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரின் நீளமான பாதையாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார்.

"சிவப்புக் கஞ்சி வெள்ளைக் கஞ்சி வைக்கலாமா?" என்று கேட்டார் சுதினாவிடம்.

"எதுக்கு, மண்வெட்டிக்குப் பேர் வைக்கப் போறீங்களா? பிள்ளைக்கு வச்சப்பவே அரிசி கடன்."

கஞ்சி இல்லாமலே அவர் கிழக்கு மூலையில் இறங்கினார். ஹர்யாதி தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததுபோல வரப்பில் நின்றான். தற்செயலாகவே வேறு நாலைந்து பேரும் நின்றார்கள்.

முதல் கொத்தில் இரும்பு மூலையைத் தாண்டி வரப்பில் விழுந்தது. பக்கத்து வயல்காரன் வரப்பு. இரண்டாவது கொத்துக்கு அவர் பின்னால் தள்ளி நின்றார். இரும்பு மேலாகச் சேற்றைச் சீவியது, கணையின் நுனி மோவாயில் குத்தியது. மூன்றாவதை ஓங்கியபோது மண்வெட்டி அவரைப் பின்பக்கமாக இழுத்தது. பேரரசர் தம் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார், இடுப்பளவு சேற்றில். அவருக்கு மீசை கிடையாது. ஆகவே மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

"பாக்!" ஹர்யாதி இறங்கி ஓடிவந்தான். அவனுடைய பயம் உண்மையானது. அதுதான் லெகிமினுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"விடு. நானே எந்திரிப்பேன். ஆப்பு சரியில்ல."

"இங்கி...ஹ்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லெகிமின் கூடத்தில் ஒரு செங்கல்லையும் விட்டுவைக்கவில்லை. ஆப்பு கோணல் என்று போனிஜோவிடம் போனார். அவன் வேறு ஆப்பு வைத்தான். "காங், வாழ்க்கைல யாருக்கும் நான் இத்தனை ஆப்பு வச்சதில்ல," என்றான். பிறகு மரம் பச்சை என்றார். தணலில் வாட்டிக் கொடுத்தான். இரும்பு சாய்ந்திருக்கிறது என்றார், நிமிர்த்தினான். கொய்யாவே முன்னைப்போல இல்லை, இப்போதெல்லாம் உரம் போட்டு வளர்க்கிறார்கள் என்றார்; அதற்கு அவனிடம் மருந்தில்லை. ஒவ்வொரு முறையும் வயலுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் மூலை அவரைத் துப்பி அனுப்பியது. காபிக்கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு உட்கார நல்ல இடமாகப் பார்த்து ஒதுங்கிக் கொடுத்தார்கள். புறாக்காரர்களில் ஒருவர் சிரித்துத் தலையசைத்தார், தம் ஆளை அடையாளம் கண்டுகொண்டவர்போல.

க்ளிவோனுக்கு முந்தைய நாள் ஆயிற்று. மதியம் லெகிமின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. சுதினா சோயாப்பயறு டெம்பே வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடவில்லை.

"நாளைக்கு அவன் ஆளக் கூட்டிட்டு வந்துருவான்," என்றார்.

"வரட்டுமே. இடுப்பு ஒடிஞ்சு கிடந்தா நானில்ல தூக்கணும்?"

"உனக்கு என்ன தெரியும்? உங்கப்பன் குடுத்த ஒம்பது பிடிக் கணை. அத்தனை வருசம். ஒரு நாள் என்னைத் தள்ளியிருக்குமா அது?"

சுதினா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எது ஒம்பது பிடி?"

"எதுன்னா? நீ எரிச்சியே, அது."

"அது ஒம்பதா? இரும்பு ஆட்டம் குடுத்தா வாய்க்கால்ல ஊறப்போடுவீங்க. ஊறி ஊறிக் காதுக்குள்ள இருக்குற முனை அழுகும். அழுகினதை அறுத்துட்டுத் திரும்ப மாட்டுவீங்க. அறுத்த துண்டை எங்க போடுவீங்க? இங்கதான், என் அடுப்புக்கு முன்னால. வஹ்யூனி பொறந்த மழைக்கு ஒரு துண்டு. எங்கப்பா போன வருசம் ஒரு துண்டு. நீங்க ஜகார்த்தாவே வேணாம்னு வந்தீங்களே, அப்ப ஒரு துண்டு. உங்க ஒம்பது பிடில ரெண்டு பிடிக்கு மேல நான் அப்பப்ப சோறா ஆக்கிப் போட்டாச்சு. அன்னைக்கு முறிஞ்சது ஏழுகூட இருக்காது."

லெகிமின் சட்டத்தில் ஓட்டை கண்ட வக்கீலைப்போல நிமிர்ந்தார்.

"சரி, அது குறைஞ்சுதுன்னே வச்சுக்க. நான் குறையலையே! நெட்டை ஆளு குட்டைக் கணையைப் பிடிச்சா இறால் மாதிரி மடங்கணும் இல்ல? நான் மடங்கினேனா?"

சுதினா சமையலறை வாசலைப் பார்த்தாள். தாழ்ந்த நிலைச்சட்டம். அவள் அப்பா காலத்து வீடு, அதே சட்டம்.

"கல்யாணமான புதுசுல தினம் அதுல மண்டைய இடிச்சுக்குவீங்க. நான் மஞ்சளை அரைச்சு வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"அப்புறம் குனிஞ்சு வரப் பழகிட்டேன்."

"பழகினீங்க. இப்ப ஒரு தடவை வெளிய போயிட்டு வாங்க, பாக்னே."

அவர் எழுந்தார். வாசலைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். குனியவில்லை. இடிக்கவும் இல்லை. சட்டத்துக்கும் மண்டைக்கும் நடுவே, ஒரு கை விரித்து நுழைக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. எத்தனை காலமாக அந்த வெளிச்சம் அங்கே இருக்கிறதோ அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கையைத் தூக்கிச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார், அது கீழே இறங்கி வராதா என்று பார்ப்பவர்போல.

மாமனார் கொடுத்த கணை, மழைக்கு மழை தானும் குறைந்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கூடவே இறங்கி வந்திருக்கிறது. கணை தேயத் தேயக் கணவனும் தேய்ந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒன்றாகத் தேய்ந்ததால் இருவருக்கும் தெரியவில்லை. ஊரில் அதை மாதிரி ஒரு நாகரிகமான நண்பன் அவருக்கு இருந்ததில்லை. போனிஜோவைப் போய் நண்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப போனிஜோகிட்டப் போய் ரெண்டு பிடி அறுன்னு சொல்லணும்," என்றார் மெதுவாக. "நான் குறைஞ்சுட்டேன்னு என் வாயாலயே சொல்லணும். மசூதிக் கிணத்தடி வரைக்கும் போகும் அது."

சுதினா ஒரு டெம்பேயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உங்களுக்குன்னு ஏன் சொல்றீங்க? எனக்குன்னு சொல்லுங்க."

அன்று பிற்பகல் இருவரும் போனிஜோ பட்டறைக்குப் போனார்கள். சுதினா விசேஷத்துக்குப் போகிற மாதிரி நல்ல ரவிக்கை போட்டிருந்தாள்.

"என்ன யூ, நீங்களும் வந்துட்டீங்க?" என்றான் போனிஜோ. யூ என்றால் அக்கா.

லெகிமின் தொண்டையைச் செருமினார். "இவளுக்குத் தோட்டத்துல கொத்தணுமாம். கணை இவளுக்கு நீளமா இருக்கு. இவ அளவுக்கு அறுத்துக் குடு."

"யூவுக்கா?"

"எனக்குத்தான்," என்றாள் சுதினா. "ஏன், நான் கொத்தினா மண்ணு வெட்டுப்படாதா?"

போனிஜோவின் முகத்தில் ஒரு சதையும் அசையவில்லை. அத்தனை கட்டுப்பாடு அந்த முகத்துக்கு உண்டு என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கழியை எடுத்தான். சுதினா முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி நின்றாள். நெஞ்சுக்குழிக்கு நேரே அவன் நகத்தால் கீறினான். லெகிமின் பக்கத்தில் நின்று பார்த்தார். முன்னெல்லாம் அவள் சொல்வதைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது. சந்தைக் கூட்டத்தில் அவள் கொண்டை தன் தோளுக்குக் கீழே எங்கோ வந்துகொண்டிருப்பதைத் தேடிக்கொண்டே நடப்பார். இப்போது அவள் காதும் அவர் காதும் ஒரே உயரத்தில் இருந்தன. எந்த வருடம், எந்த நாளில் அவள் அவரை எட்டிப் பிடித்தாள்?

"அளவு சரியா வந்திருக்கு," என்றான் போனிஜோ, ரம்பத்தை எடுத்தபடி. "யூவுக்கு."

எல்லோரும் வீடு திரும்பிய மாலையில் இருவரும் கிழக்கு மூலையில் இருந்தார்கள். முதல் கொத்துக்கு லெகிமின் கண்ணை மூடிக்கொண்டார். இரும்பு சளக்கென்று இறங்கியது. மண் புரண்டது. கணை கைக்குள் வந்து, பழைய ஆள் பழைய இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தது. இன்னொரு கொத்து. இன்னொன்று. கிழக்கு மூலை முடிந்தபோது மூச்சு வாங்கியது. சுதினா மண்வெட்டியைப் பிடுங்கித் தெற்கு மூலையில் இறங்கினாள். அவள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கொத்தத் தெரிந்தவர்கள். கொத்தும்போது அவள் இடுப்பை ஒரு தினுசாக ஒடிப்பாள். வாய்க்கால் வெட்ட வந்த காலத்தில் அதை ஓரக்கண்ணால் பார்த்தே அவர் ஒரு முறை தன் கால் விரலைக் கொத்திக்கொண்டிருக்கிறார். மேற்கு மூலை அவர். வடக்கு மூலையில் பாதி அவள், பாதி அவர். வரப்போரத்தை இருவரும் காலாலேயே மெழுகினார்கள்.

க்ளிவோன் காலையில் ஹர்யாதி வந்தான். பின்னால் பக்கத்து ஊர் கூலியாள் ஒருவன், கட்டுமஸ்தான தோள், தோளில் ஏழு பிடிக் கணை. நாற்று நடும் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். போனிஜோவும் நின்றிருந்தான், தச்சனுக்கு நடவு வயலில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

நான்கு மூலைகளும் கருகருவென்று புரண்டு கிடந்தன. வரப்போரம் களி கிண்டித் தட்டிய மாதிரி வழவழவென்று இருந்தது.

"யார் பாக் கொத்தினது?" என்றான் ஹர்யாதி.

லெகிமினின் நெஞ்சு விரிந்தது. 'நான்' என்று சொல்ல வாய் திறந்தார். எதிரே போனிஜோ ஆவலோடு தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். 'நான்' என்றால், 'யார் கணையில?' என்று அவன் கேட்பான். அதற்குப் பிறகு அந்த ரகசியம் கிணற்றடிக்குப் போக ஒரு மாலைகூடத் தேவைப்படாது. 'நான்' என்று சொல்லாவிட்டால் மூலை போய்விடும். கூலியாள் கைலியை மடிக்கத் தொடங்கியிருந்தான்.

"உன் மாமியார்," என்றார் லெகிமின்.

வரப்பில் இருந்த பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். "அப்ப கிழவர் என்ன பண்ணாரு, யூ? வரப்புல உக்காந்து விசிறினாரா?"

"டீ கொண்டாந்தாரு," என்றாள் சுதினா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். பிறகு மருமகனைப் பார்த்தாள். "என்ன, மூலை நல்லா இல்லையா? உன் ஆளு இதைவிட நல்லாக் கொத்துவானா?"

மாமனாரிடம் இழுத்துச் சொல்லலாம். மாமியாரிடம் இழுத்தால் அது அன்றைக்கே வஹ்யூனியின் காதுக்குப் போய், வஹ்யூனி வழியாகச் சோற்றுத் தட்டுக்கு வரும். ஹர்யாதி முதுகை வளைத்தான். "இங்கிஹ்," என்றான், சுருக்கமாக, சுத்தமாக. கூலியாள் மடித்த கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அந்த வயலின் மூலைகள் சுதினாவுடையவை என்பது ஊரறிந்த செய்தி. காபிக்கடையில் லெகிமினைப் பார்த்தால், "காங், இன்னைக்கு யூ வயலுக்குப் போகலையா? டீ ஆறிடப் போவுது," என்பார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். குட்டையாகிவிட்டான் என்று பேர் வாங்குவதைவிடப் பெண்டாட்டிக்கு டீ சுமக்கிறவன் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேல் என்பது நன்றாக யோசித்து அவர் எடுத்த முடிவு.

அடுத்த அறுவடைக்குப் பிறகு, இயந்திரம் வந்துபோன மறுநாள் காலை, ஊர் பார்க்கச் சுதினா முன்னால் நடந்தாள், மண்வெட்டி அவள் தோளில். பின்னால் லெகிமின், கையில் டீப் பாத்திரமும் வாழையிலையில் கட்டிய சோறும். வழியில் எல்லோரும் அவளைத்தான் குசலம் கேட்டார்கள். வாய்க்கால் வளைவில் மூங்கில் புதர் அடர்ந்து, பாதையிலிருந்து பார்த்தால் யாரும் தெரியாத இடம் வந்ததும் அவள் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். தோளிலிருந்து இறக்கி நீட்டினாள்.

"இந்தாங்க, பிடிங்க," என்றாள். "டீயை இப்படிக் குடுங்க. ஆறுது."